நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு

இரு நாடுகளுக்கிடையே பிணக்கு முற்றும்போது, ஒரு நாடு தன் கோரிக்கைகளை எழுதி, இன்ன நாள் இன்ன மணிக்குள் இணங்காவிடில் வருவதை ஏற்றுக்கொள் என்று மற்றதற்கு விடுக்கும் ஓலையை இராஜதந்திர வழக்கில் ‘அல்டிமேட்டம்’ என்பர். தமிழில் இறுதிக் கெடு எனலாம். முன்னறிவிப்பின்றிப் போர் தொடங்கலாகாது என்று 1907-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தபோது, காரணங் காட்டும் போர்ப் பிரகடனத்தையும், நிபந்தனையுடன் கூடிய இறுதிக் கெடுவையும் அத்தகைய அறிவிப்பாக ஏற்றன. திடீர்த் தாக்குதலைத் தடுக்க எழுந்த ஏற்பாடு அது. அதுவே போருக்கு வாயிலாவது எங்ஙனம் என்பதை 1914-ஆம் ஆண்டு ஜூலை மாத நிகழ்ச்சிகளைக் கொண்டு காண்போம்.

அவ்வாண்டு ஜூன் 28-ஆம் நாள் போஸ்னியாவிலுள்ள சராஜீவோ நகரில், ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்துக்குரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாந்தும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்ட இளைஞன் காவ்ரிலோ பிரின்ஸிப், போஸ்னியாவில் பிறந்த ஸெர்பிய இனத்தவன்; ஆயுதங்கள் அண்டை நாடான ஸெர்பியாவிலிருந்து வந்தவை. ஆகவே ஆஸ்திரியாவின் சினம் காரணமற்றது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஜூலை 7-ஆம் நாள் வியன்னாவில் கூடிய அமைச்சர்கள், ஹங்கேரியப் பிரதமர் டிஸா நீங்கலாக, ஒரு கருத்துக்கு வந்தனர். ஸெர்பியா மறுத்தே தீரும்படியான கோரிக்கைகளை விடுக்க வேண்டும். மறுத்தால் போர் தொடுக்கலாம் என்பதே அது. துணை நிற்பதாக ஜெர்மானியப் பேரரசர் முன்பே வாக்களித்திருந்தார். மாணவன் தேறலாகாது என்று தீர்மானித்துக்கொண்டு வினாத்தாள் எழுத உட்காரும் தேர்வாளரைப் போன்றவர்கள் இவர்கள்.

அப்போது பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவன்காரே ருஷ்யத் தலைநகரில் விருந்தினராக இருந்தார். ஸெர்பியாவுக்குப் பரிந்து வரக்கூடிய ருஷ்யாவும் அதன் நேசநாடான பிரான்சும் நேரில் கலந்து பேசிவிடலாகாதன்றோ! அவர் விடைபெறும் வேளை பார்த்து, ஜூலை 23-ஆம் நாள் மாலை 6 மணிக்கு, ஆஸ்திரியத் தூதர் கீஸல் பிரபு பெல்கிரேடில் கெடுவைக் கொடுத்தார். பிரதமர் பாஷிச் தேர்தல் பிரசாரத்துக்காக வெளியூர் சென்றிருந்தமையால் நிதியமைச்சர் அதைப் பெற்றுக்கொண்டார். கோரிக்கைகள் 10, அவகாசம் 48 மணி. சதிக்கு உடந்தையானவர்களைப் பற்றி ஸெர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகளும் பங்கு பெற வேண்டும் என்பது ஆறாவது கோரிக்கை. சுதந்திர நாடு எதுவும் எளிதில் விழுங்கக்கூடியதன்று அது.

25-ஆம் நாள் ஆறு மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் பாஷிச் தாமே மறுமொழியைக் கொண்டு சென்றார். பணிவும் சாமர்த்தியமும் கலந்த விடை அது. பெரும்பாலானவற்றுக்கு முழுமையாகவோ, சில வரையறைகளுடனோ இணங்கிய ஸெர்பியா, ஆறாவதை மட்டும் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று மறுத்தது. ஸெர்பியா அன்று பிற்பகலே படைதிரட்டவும் ஆணையிட்டிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. தூதரோ மறுமொழியைப் புரட்டிப் பார்த்து, உறவு முறிந்ததென்று எழுதியனுப்பிவிட்டு 6.30 மணி ரயிலில் ஏறிவிட்டார்.

கண்ணன் தூதை நினைத்துப் பார்க்கிறேன். பாதி நாடு கேட்டான். இல்லையெனில் ஐந்து ஊர், அதுவும் இல்லையெனில் ஐந்து வீடு என்று இறங்கி வந்தான். பாரதப் போர் அப்படியும் நிற்கவில்லைதான்; எனினும் தூது என்பது கேட்பதைக் குறைத்துக்கொண்டே வருவது. கெடுவோ, அவகாசத்தைத்தான் குறைக்கும். ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம் ஸெர்பியாவின் விடையை 28-ஆம் நாள் காலையில்தான் படித்தார். போருக்கான காரணம் யாவும் அகன்றுவிட்டதென்று தம் கையாலேயே குறித்தும் வைத்தார். அன்றே ஆஸ்திரியா தந்தி மூலம் போர்ப் பிரகடனம் செய்தது.

அப்புறம் கெடுவுக்குக் கெடு குட்டி போட்டது. 30-ஆம் நாள் ருஷ்யா முழுப் படைதிரட்டுக்கு ஆணையிட்டது. ருஷ்யா திரண்டு முடிப்பதற்குள் பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்பது ஜெர்மனியின் போர்த்திட்டம். ரயில் வண்டிகளின் கால அட்டவணையை நம்பி வகுத்த திட்டமாதலால், ஒரு நாள் தாமதமும் தளபதிகளுக்குத் தோல்வியாகத் தோன்றிற்று. எனவே 31-ஆம் நாள் ருஷ்யாவுக்கு 12 மணி, பிரான்சுக்கு 18 மணி, ஆகஸ்டு 2-இல் வழிவிடுமாறு பெல்ஜியத்துக்கு 12 மணி என்று கெடுக்கள் பறந்தன. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காக்கக் கடமைப்பட்ட பிரிட்டன் 4-ஆம் நாள் ஜெர்மனிக்கே கெடு விடுத்தது. லண்டனில் இரவு 11 மணி அடித்தது. இணக்கமான விடை வரவில்லை.

இந்தியாவை யாரும் கேட்கவில்லை. பிரிட்டன் போரில் இறங்கவே இந்தியாவும் இறங்கியதாயிற்று. சரியாக ஏழு வாரங் கழித்து, செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டுப் போயிற்று. எமகாதகனை ‘எம்டன்’ என்று நம்மவர் சொல்லும் வழக்கு அதிலிருந்து வந்ததே.