இசைத்தட்டுக் கார்ட்ரிட்ஜில் பேஸ் குறைபாடு

இசைத்தட்டுக் கார்ட்ரிட்ஜில் பேஸ் குறைபாடு என்பது, ரெக்கார்டு பிளேயரில் புதிய கார்ட்ரிட்ஜைப் பொருத்திய பின்னர், பேஸ் எனப்படும் தாழ் அதிர்வெண் ஒலிகள் வலுவிழந்து கேட்பதைக் குறிக்கும். மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிதார் முதலியவற்றின் ஒலி மெலிந்து, குரலும் வயலினும் மட்டும் எடுப்பாகக் கேட்பது இதன் அடையாளமாகும். பெரும்பாலும் இதற்குக் காரணம் கார்ட்ரிட்ஜின் பழுது அன்று. அதன் வகைக்கு ஒவ்வாத இணைப்பு, அல்லது கம்பிகள் இடம் மாறியிருத்தல் ஆகியவையே காரணங்களாகும்.

அடிப்படை

தாழ் அதிர்வெண் ஒலியை உள்ளபடியே தட்டில் வெட்டினால் தடம் மிக அகலமாக வளையும். அடுத்துள்ள தடத்துடன் மோதும். எனவே பதிவின்போது பேஸ் குறைக்கப்பட்டும் உயர் அதிர்வெண்கள் கூட்டப்பட்டும் வெட்டப்படுகின்றன. ஒலிக்கச் செய்யும்போது இதற்கு நேர்மாறான திருத்தம் செய்யப்படவேண்டும். இதற்கென 1954 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. நியமம் பின்னர் உலகெங்கும் பரவியது. அதன்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியுடன் ஒப்பிடுகையில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 17 டெசிபெல், அதாவது மின்னழுத்தத்தில் 7 மடங்கு, உயர்த்தப்படவேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்படவேண்டும்.

கார்ட்ரிட்ஜ் வகைகள்

செராமிக் வகை: ஊசியின் இடப்பெயர்ச்சிக்கு ஏற்ப மின்னழுத்தம் தருவது. வெளியீடு சில நூறு மில்லிவோல்ட் இருக்கும். தனித் திருத்தச் சுற்று இன்றியே ஓரளவு சமனான ஒலியைத் தரும். விலை குறைந்த ரெக்கார்டு பிளேயர்களில் மிகுதியும் காணப்படுவது இவ்வகையே.

காந்த வகை: ஊசியின் வேகத்திற்கு ஏற்ப மின்னழுத்தம் தருவது. பரவலாக உள்ள நகரும் காந்த வகையின் வெளியீடு 5 மில்லிவோல்ட் அளவே. இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தமும் 47,000 ஓம் உள்ளீட்டுத் தடையும் கொண்ட ஃபோனோ முன்மிகைப்பி தேவை.

காரணங்கள்

1. செராமிக் வகையை எடுத்துவிட்டுக் காந்த வகையைப் பொருத்தி, மிகைப்பியின் சாதாரண ஆக்ஸ் உள்ளீட்டிலேயே தொடர்ந்து இணைத்தல். ஒலி மிகச் சன்னமாகவும் பேஸ் இன்றியும் கேட்கும். ஒலியளவை எவ்வளவு கூட்டினாலும் பேஸ் திரும்பாது. ஃபோனோ முன்மிகைப்பியே தீர்வு.

2. செராமிக் வகையைத் தடை குறைந்த உள்ளீட்டில் இணைத்தல். இவ்வகை ஒரு சிறிய மின்தேக்கி போலச் செயற்படும். அதன் கொண்மம் 800 பிக்கோஃபாரட் எனக் கொண்டால், 47,000 ஓம் உள்ளீட்டில் ஏறத்தாழ 4,200 ஹெர்ட்சுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். 20 இலட்சம் ஓம் தடையில் இவ்வெல்லை 100 ஹெர்ட்சாக இறங்கும்.

3. ஒரு தடத்தின் கம்பிகள் மட்டும் தலைகீழாக இணைக்கப்படுதல். இரு ஒலிபெருக்கிகளிலிருந்தும் வரும் தாழ் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வழக்கமான நிறக்குறிகளின்படி வெள்ளை இடத் தடத்தின் நேர்முனை, நீலம் அதன் எதிர்முனை. சிவப்பு வலத் தடத்தின் நேர்முனை, பச்சை அதன் எதிர்முனை.

கண்டறியும் முறை

முதலில் அதே மிகைப்பியில் வானொலியையோ குறுந்தகட்டையோ ஒலிக்கச் செய்யவேண்டும். அதிலும் பேஸ் குறைந்தால் பழுது மிகைப்பியிலோ ஒலிபெருக்கி இணைப்பிலோ உள்ளது. அதில் பேஸ் சரியாக இருந்தால், கார்ட்ரிட்ஜின் வகையையும் அது இணைந்துள்ள உள்ளீட்டையும் ஒப்பிடவேண்டும்.

அடுத்து மோனோ இசைத்தட்டு ஒன்றை இட்டு, மிகைப்பியின் மோனோ பொத்தானை அழுத்தவேண்டும். பாடல் மங்கி, கீறல் இரைச்சல் மட்டும் மிஞ்சினால் கம்பிகள் மாறியுள்ளன என்பது உறுதி. மிகைப்பியை அணைத்த பின்னரே கம்பிகளை மாற்றவேண்டும். கார்ட்ரிட்ஜின் முனைகளில் நேரடியாகப் பற்றவைத்தல் கூடாது. வெப்பம் உள்ளிருக்கும் நுண்கம்பிகளைக் கெடுக்கும்.

பேஸ் வேண்டி ஊசியின் அழுத்தத்தை வரம்புக்கு மேல் கூட்டுவது தவறு. காந்த வகைகள் பலவற்றிற்கு 1.5 முதல் 2.5 கிராம் வரை போதுமானது. தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவையே பின்பற்றவேண்டும்.

இசைத்தட்டின் இயல்பு

சில தட்டுகளில் பேஸ் தொடக்கத்திலேயே இல்லை. மின்முறைப் பதிவு 1925 இல் வணிக நோக்கில் அறிமுகமாகும் வரை, கூம்பின் வழியே ஒலி பதியப்பட்டது. அம்முறையில் தாழ் ஒலிகள் சரிவரப் பதியவில்லை. சங்கரன்கோவில் அடங்கிய இன்றைய தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றோரின் 78 சுழற்சித் தட்டுகளுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தமும் பொருந்தாது, அவை அந்நியமத்திற்கு முந்தியவை. அவற்றின் தடமும் அகன்றது. எல்.பி. தட்டுக்குரிய ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர் ஆர ஊசிக்கு மாறாக, 65 முதல் 75 மைக்ரோமீட்டர் வரை ஆரமுள்ள ஊசி அவற்றுக்குத் தேவை.

ஆவணப்படுத்தலில் முக்கியத்துவம்

பழைய தமிழ்ப் பாடல்களும் நாடகப் பதிவுகளும் பல, இன்று தனியார் சேகரிப்பிலுள்ள தட்டுகளின் வழியாகவே எண்மியப்படுத்தப்படுகின்றன. திருத்தம் இன்றிப் பதியப்பட்ட கோப்பைப் பின்னர் மென்பொருள் கொண்டு ஓரளவு சீராக்கலாம். இரு தடங்களும் தனித்தனியே சேமிக்கப்பட்டிருந்தால் தலைகீழான தடத்தையும் நேராக்கலாம். ஆனால் தலைகீழான தடங்களைக் கூட்டி மோனோவாகச் சேமித்த கோப்பிலிருந்து இழந்த ஒலியை மீட்க இயலாது. மிகை அழுத்தத்தால் தேய்ந்த தடத்தையும் மீட்க இயலாது. எனவே அரிய தட்டுகளை இடுவதற்கு முன், எளிதில் கிடைக்கும் ஒரு தட்டைக் கொண்டு மேற்கண்ட சோதனைகளை முடித்துக்கொள்வது நன்று.