தட்டைத் திருப்பிப் பாருங்கள்

திருவனந்தபுரத்தில் கரமனை என்று ஓர் இடம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ஒரு வீட்டில் பரணைச் சுத்தம் செய்தார்கள். பழைய பெட்டிக்குள் ஒரு பீங்கான் தட்டு இருந்தது. வெள்ளைத் தட்டு. ஓரத்தில் பூக்கள். அது பாட்டியின் அம்மா வைத்திருந்த தட்டு.

அன்று தெருவில் பழைய பாத்திரக்காரர் வந்தார். "அம்மா, இதுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி தர்றேன்" என்றார்.

பாட்டியின் மகன் தடுத்தார். "கொடுக்காதீங்க அம்மா. இது சீன ராஜா காலத்துத் தட்டு. லட்ச ரூபாய் பெறும்" என்றார்.

வாளியா? லட்சமா? பாட்டி பேசாமல் தட்டைக் கவிழ்த்தார். அடியில் ஒரு முத்திரை இருந்தது.

பீங்கான் செய்பவர்கள் தங்கள் அடையாளத்தைத் தட்டின் அடியில்தான் போடுவார்கள். சிலர் பெயரை எழுதுவார்கள். சிலர் படம் போடுவார்கள். ஜெர்மனியில் மைசன் என்ற ஊரில் 1710இல் ஒரு பீங்கான் ஆலை தொடங்கியது. அதன் அடையாளம் நீல நிறத்தில் இரண்டு வாள்கள். ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக இருக்கும்.

மகன் சீனாவை நினைத்ததும் தப்பில்லை. பழைய காலத்தில் கொல்லத்துக்குச் சீனக் கப்பல்கள் வந்தன. 2014இல் கொல்லம் துறைமுகத்தில் தூர் வாரினார்கள். அப்போது சீனக் காசுகளும் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பெரிய சீன ஜாடிகளைப் பார்க்கலாம். ஆனால் பின்னால் ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஏராளமான தட்டுகள் வந்தன. பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களிமண்ணோ, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலேயே தோன்னக்கல்லில் கிடைக்கிறது!

முத்திரையில் நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1890இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டுப் பொருளில் அந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் நாட்டின் பெயர் உள்ள தட்டு பெரும்பாலும் அதற்குப் பிறகு செய்ததாக இருக்கும்.

எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடியில் 1790 என்று இருந்தால், அது ஆலை தொடங்கிய ஆண்டாக இருக்கலாம். வெறும் பூ வேலையின் எண்ணாகவும் இருக்கலாம்.

முத்திரையும் சில நேரம் பொய் சொல்லும். மைசன் வாள்களைப் பலர் பார்த்துப் போட்டார்கள். சீனக் குயவர்கள் பழைய ராஜாவின் பெயரைப் புதிய தட்டில் எழுதுவது உண்டு. அது எல்லாம் ஏமாற்று அல்ல. முன்னோருக்கு மரியாதை என்று எழுதியவர்களும் உண்டு.

அதனால் தட்டையே சோதிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பின்னால் விரலை வையுங்கள். மெல்லிய, உயர்ந்த பீங்கானில் விரலின் நிழல் தெரியும். வெள்ளை மெருகு பூசிய சாதாரண மண் தட்டில் தெரியாது. அடி வளையத்தையும் பாருங்கள். பல வருஷம் பலகையில் உரசிய தட்டில் சின்னச் சின்னக் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். சாம்பலும் நாரும் போட்டுத் தேய்க்காதீர்கள். தங்கக் கோடு போய்விடும். சில முத்திரையும் அழிந்துவிடும்.

கரமனைப் பாட்டி விரலை வைத்துப் பார்த்தார். நிழல் தெரியவில்லை. முத்திரையில் ஒரு படம் இருந்தது. சிங்கத்தின் உடம்பு, மனிதத் தலை. கீழே ஆங்கில எழுத்துகள். பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பெட்ருஸ் ரெகூ... மாஸ்ட்ரிக்ட்... மேட் இன் ஹாலந்து."

மாஸ்ட்ரிக்ட் என்பது ஹாலந்து நாட்டில் ஒரு நகரம். பெட்ருஸ் ரெகூ என்பவர் 1830களில் அங்கே ஆலை தொடங்கினார். சிங்க உடம்பும் மனிதத் தலையும் உள்ள உருவத்துக்கு ஸ்பிங்க்ஸ் என்று பெயர். சுமார் 1880 முதல் அந்த ஆலை இதை முத்திரையாக வைத்தது. ஆசிய நாடுகளுக்கும் தட்டுகளையும் கிண்ணங்களையும் கப்பலில் அனுப்பியது. ஆயிரக்கணக்கில் செய்த தட்டு. எனவே லட்சம் பெறாது. சீன ராஜாவும் இல்லை.

நூறு வருஷத்துக்கு மேல் பழைய கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனி ஆட்களுக்கு உரிமை இல்லை. இது 1972இல் வந்த சட்டம். உங்கள் தட்டு அவ்வளவு பழையது என்று தோன்றினால், விற்பதற்கு முன் தொல்பொருள் துறையில் காட்டுங்கள்.

அடுத்த வாரம் பாத்திரக்காரர் திரும்ப வந்தார். "வாளியோடு ஒரு குடமும் தர்றேன் அம்மா" என்றார்.

"இது ஹாலந்துத் தட்டு. எங்க அம்மா சாப்பிட்ட தட்டு" என்றார் பாட்டி. அதைத் துடைத்து அலமாரியில் வைத்தார். முத்திரை தெரியும்படி, கவிழ்த்தே வைத்தார்.