முதல் வாடிக்கையாளர்

புதிதாகத் தொழில் தொடங்குவோர் முதலைத் தேடுமளவுக்கு முதல் வாடிக்கையாளரைத் தேடுவதில்லை. பல முயற்சிகள் முளையிலேயே கருகுதற்கு இதுவே காரணமென நாம் கருதுகின்றோம். கொழும்பு நகரத்து நிகழ்ச்சியொன்றை ஈண்டு நோக்குவோம்.

2015ஆம் ஆண்டில் திரு. ஜிப்ரி சுல்பர் அவர்களின் முயற்சியால் இந்நகரில் இயங்கத் தொடங்கிய 'பிக்மீ' நிறுவனம், கைத்தொலைபேசி வாயிலாக வாடகை வண்டிகளை அழைக்கும் வசதியை அளித்தது. இத்தகைய தொழிலில் வாடிக்கையாளர் இரு திறத்தினர். பிரயாணிகள் இல்லையேல் சாரதிகள் சேரார். சாரதிகள் இல்லையேல் பிரயாணிகள் நாடார். இம்முடிச்சை அவிழ்க்காத தொழில், மூலதனம் எத்துணை இருப்பினும் நிலையாது.

அவிழ்க்கும் வழி யாது? பரப்பைச் சுருக்குதலே. வெள்ளவத்தையில் உள்ளவருக்கு, நகரெங்கும் சிதறிய நூறு வண்டிகளிலும் அருகில் நிற்கும் இருபது வண்டிகளே பயன் தரும். அழைத்தவுடன் வண்டி வரக் கண்டவர் மீண்டும் அழைப்பர், அயலாருக்கும் உரைப்பர். சாரதிக்கும் ஓட்டம் குறையாது. அவ்விடம் நிறைந்த பின்னரே கொட்டாஞ்சேனைக்குச் செல்லுதல் முறை.

2015இன் இறுதியில் அமெரிக்காவின் 'ஊபர்' நிறுவனம் கொழும்புக்கு வந்த போதும், பிக்மீ தளராது நிலைத்தது. 2024இல் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கும் வழங்கியது.

தொழில் தொடங்க எண்ணும் நம் கல்லூரி இளைஞர், ஊரனைத்தையும் ஒருங்கே கவர முயலாது, ஒரு தெருவின் நன்மதிப்பை முதலிற் பெறுவாராக.