"வீட்டு விஷயம்" என்று திருப்பி அனுப்பலாமா?

காலைப் பெரட்டில் ஒரு பெண் தலைத்துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். கன்னம் வீங்கியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் பார்த்தும் பார்க்காதவர்கள் போல இருக்கிறார்கள். மண்டோர் பேரைக் கூப்பிட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போய்விடுகிறார். "ராத்திரி அவ வீட்ல ஒரே சத்தம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கெடா தோட்டங்களில் இந்தக் காட்சியைக் காணாதவர் நம்மில் யார்?

நாம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், இரவு 10 மணிக்கு மேல், ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு சங்கக் கமிட்டித் தலைவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்று நாமும் அங்கே இருந்தோம். "அண்ணே, இனி அந்த வீட்டுக்கு நான் போகமாட்டேன்" என்றார். நாம் என்ன செய்தோம்? புருஷனைக் கூட்டி வந்து, கோயில் முன்னால் சத்தியம் வாங்கி, "போம்மா, இனி கை வைக்கமாட்டான்" என்று அனுப்பி வைத்தோம். நல்ல காரியம் செய்த நினைப்போடு தூங்கவும் போனோம்.

மூன்றாம் மாதம் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் உளி பிடிக்கும் பலம் திரும்பவில்லை. பால் வெட்டு போய், கூட்டிப் பெருக்கும் வேலை வந்தது. சம்பளமும் குறைந்தது. "அன்னிக்கே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே அண்ணே" என்று பிறகு ஒருநாள் சொன்னார். நம்மிடம் பதில் இல்லை.

மானேஜர் ஒரு தொழிலாளியைத் தரக்குறைவாகப் பேசினால் சங்கம் உடனே கடிதம் எழுதுகிறது. அதே தொழிலாளி வீட்டில் அடிபட்டால் மட்டும் அது சங்க விஷயம் இல்லையாம்! நமக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. தோட்டப் பெண்களிடம் துரைமாரும் அதிகாரிகளும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். நமது கெடாவில் 1946, 1947 ஆண்டுகளில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, குடும்பங்களைப் பாழாக்கிய கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது.

இன்று நமக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. பெண்கள் அமைப்புகள் 1985 முதல் ஒன்று சேர்ந்து போராடியதன் பலனாக 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது. 1996 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 2012-லும் 2017-லும் அது திருத்தப்பட்டது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, அடிபட்ட பெண் லயத்தில் இருக்கிறார். நடுவில் கிடக்கும் பாதையைத்தான் நாம் போட வேண்டும்.

லயத்தில் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கோயில்ல தாலி கட்டினோம், பதியலையே?" பதியாவிட்டாலும், மத முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு செய்து சேர்ந்து வாழ்ந்தவருக்கும் இந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஜீவனாம்சம், விவாகரத்து என்று போகும்போது பதிவு இல்லாமல் சிரமம் வரும். ஆகவே இளம் பிள்ளைகள் கல்யாணத்தை மறக்காமல் பதிந்துகொள்ளுங்கள்.

"அடையாளக் கார்டு இல்லையே?" இந்தச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. நீலக் கார்டு இல்லாத நம் பெண்ணுக்கும், பக்கத்து லயத்து இந்தோனேசியப் பெண்ணுக்கும் அடி ஒரே அடிதான். அவர்கள் தனியாகப் போகப் பயப்படுவார்கள். நாம் கூடப் போக வேண்டும்.

"ஸ்டேஷன் தூரம், ராத்திரியில பஸ் ஏது?" எந்த ஸ்டேஷனிலும் ரிப்போர்ட் செய்யலாம். ஆஸ்பத்திரிக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ போக வாகன ஏற்பாடு செய்வதும், துணிமணி, பத்திரங்களை எடுக்க வீடு வரை துணைக்கு வருவதும் போலீஸ், சமூகநல அதிகாரிகளின் கடமை என்று சட்டமே சொல்கிறது. 15999 என்ற தாலியான் காசே எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

"போலீஸ்ல சமாதானமாப் போங்கன்னு சொல்லிட்டா?" ரிப்போர்ட் எழுதாமல் எழுந்து வராதீர்கள். எழுதியதும் நகலைக் கேட்டு வாங்குங்கள். மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் இதற்கென்றே டி11 பிரிவு இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலே சமூகநல இலாகா அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். ரிப்போர்ட் செய்தபின், விசாரணை முடியும்வரை கோர்ட்டில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். காயம் பட்டிருந்தால் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் ஆஸ்பத்திரிக்கோ, அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா ஆஸ்பத்திரிக்கோ போய், அவசரப் பிரிவில் "ஓ.எஸ்.சி.சி." என்று கேளுங்கள். சிகிச்சையோடு போலீஸ், சமூகநல உதவிக்கும் அங்கேயே வழி செய்வார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது. தென்கெடா மக்களுக்குப் பக்கத்திலேயே, 1985 முதல் இயங்கும் பினாங்கு டபிள்யூ.சி.சி. பெண்கள் அமைப்பும் இருக்கிறது.

கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. "வீடு அவர் பேர்ல இருக்கு, அவர் வேலை போனா நாங்க எங்க போறது?" இந்த ஒரு பயத்தாலேயே எத்தனையோ பெண்கள் வாயைத் திறப்பதில்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவளை இருக்கவிட்டு, அடித்தவனை விலகியிருக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தோட்டத்து வீடு கம்பெனியின் வீடு. அவளும் அதே தோட்டத்தில் வேலை செய்கிறவள்தானே? வீட்டை அவள் பேருக்கு மாற்றிக் கொடுங்கள், கோர்ட்டுக்குப் போகும் நாட்களுக்கு லீவு கொடுங்கள் என்று மானேஜரிடம் கேட்க வேண்டியது சங்கத்தின் வேலை. இதை நமக்காக வேறு யாரும் வந்து கேட்கமாட்டார்கள்.

ஆகவே கமிட்டித் தோழர்களே, அடுத்த கூட்டத்தில் மூன்று காரியங்களை முடிவு செய்யுங்கள். கமிட்டியில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். இரவில் தட்டக்கூடிய கதவு அவர் வீட்டுக் கதவு என்று எல்லாருக்கும் தெரியட்டும். கார் வைத்திருக்கும் ஒருவரைப் பேசி வையுங்கள். 15999 என்ற எண்ணைப் பால் கொட்டகையிலும் ஆயாக் கொட்டகையிலும் பெரிதாக எழுதி வையுங்கள். தோட்டம் விற்கப்பட்டு சுங்கைப் பட்டாணி, கூலிம் அடுக்குமாடிகளுக்குப் போன நம் குடும்பங்களுக்குக் கமிட்டியும் இல்லை. அங்கே போகும்போது இந்த எண்ணை அவர்களிடமும் சொல்லுங்கள்.

ஒரு பெண் வாசலில் வந்து நின்றால், "நீ என்னம்மா செஞ்சே?" என்று கேட்காதீர்கள். "அடி எங்கம்மா பட்டிருக்கு? வா, போவோம்" என்று சொல்லுங்கள். அன்றிரவு நாம் சொல்லத் தவறியது இதுதான்.