ஃபோம் வாள் தந்த காயம்

1982-இல் இங்கிலாந்தின் செஷயரில் உள்ள பெக்ஃபோர்ட்டன் கோட்டைக்குள் 'ட்ரெஷர் டிராப்' என்ற விளையாட்டு தொடங்கியது. வந்தவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் வேடமிட்டு, இருட்டு அறைகளில் பூதங்களோடு மோதினார்கள். லைவ் ரோல்பிளே என்ற வேட விளையாட்டு பிரிட்டனில் வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இதில் பார்வையாளர் இல்லை, எழுதிவைத்த வசனமும் இல்லை. ஆட்டம் முடியும்வரை ஒவ்வொருவரும் தன் பாத்திரமாகவே பேசி, உண்டு, சண்டையிட வேண்டும்.

வாளின் உள்ளே கண்ணாடியிழைக் கம்பி, அதைச் சுற்றி ஃபோம், மேலே லேடக்ஸ் பூச்சு. பட்டால் உடம்பில் பெரும்பாலும் கீறல்கூட விழாது. அதனால் காயத்தை ஆடுபவரேதான் உண்டாக்கிக் காட்ட வேண்டும். எதிரே நிற்பவர் பார்த்ததும் புரிந்துகொண்டு, அதற்கேற்பத் தானும் நடிக்க அது ஒரு சேதி.

2013-இல் தொடங்கிய 'எம்பயர்' ஆட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் திறந்த வெளியில் கூடுகிறார்கள். விழுந்த வீரருக்கு அங்கே பொதுவாக மூன்று நிமிட அவகாசம்தான். அதற்குள் வைத்தியர் வராவிட்டால் அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது. விழுந்தவர் தொடையை இறுகப் பற்றிக்கொண்டு முனகினால், ஓடிவரும் வைத்தியருக்கு வேலை பிறக்கிறது. எங்கே அழுத்துவது, யாரைக் காலைப் பிடிக்கச் சொல்வது என்று அவரும் காட்சிக்குள் வந்துவிடுகிறார். விழுந்தவர் சும்மா மல்லாந்து கிடந்தால் வைத்தியர் நொடிகளை எண்ணுவதோடு சரி.

ஒப்பனைக்கு நேரம் கிடைப்பது சண்டை ஓய்ந்த பிறகுதான். அங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். காலையில் பட்ட காயத்துக்கு மாலையிலும் பளிச்சென்ற சிவப்பைப் பூசிக்கொண்டு வருவார்கள். உண்மையில் காற்றுபட்ட ரத்தம் கருத்துப் பழுப்பாகிவிடும். அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் கட்டிய ரத்தம் முதலில் சிவந்து, பிறகு நீலமும் ஊதாவுமாகும். ரத்தத்தின் நிறமி சிதையச் சிதையப் பச்சை, கடைசியில் மஞ்சள். இந்த வரிசை தெரிந்தவர் நான்கே வண்ணங்களையும் ஒரு ஸ்பான்ஜையும் வைத்துக்கொண்டு, அடி விழுந்து எத்தனை நாளாயிற்று என்பதைச் சொல்லிவிடுவார்.

பழைய தழும்புக்குக் கொலோடியன் என்ற திரவம் உண்டு. காயும்போது அது தோலைச் சுருக்கி இழுத்து, பள்ளமான வடு போலக் காட்டும். ஆனால் சிலருக்கு அரிப்பு வரும், கண்ணருகே பூசவே கூடாது, ஈரம் காயுமுன் நெருப்பும் ஆகாது. காயத்தை வடிவமைக்கும் திரவ லேடக்ஸ் சிலருக்கு ஒவ்வாமை தருவதால், முந்தைய நாளே கையில் ஒரு துளி தடவிப் பார்ப்பது நல்லது. சர்க்கரைப் பாகில் செய்த ரத்தம் மலிவுதான். ஆனால் கோடைக்காலத் திடலில் குளவிகள் மொய்க்கும், இரவல் வாங்கிய உடுப்பில் கறையும் தங்கிவிடும்.

உடையே ஒப்பனையை மிஞ்சுவதும் உண்டு. கிழிந்த சட்டைக் கையும், பழுப்புக் கறை படிந்த துணிக்கட்டும், கையைத் தாங்கும் தூளியும் ஐம்பதடி தூரத்திலேயே கண்ணில் படும். கன்னத்துக் கீறல் படாது. மழைக்கும் வியர்வைக்கும் கட்டு கரையாது. ஆட்டத்தில் வைத்தியர் கட்டிய கட்டை அடுத்த நாளும் அவிழ்க்காமல் நடமாடுவது, அவர் உழைப்புக்குச் செய்யும் மரியாதையும்கூட. ஆனால் ஒற்றைக் கண்ணை மூடும் பட்டையோடு சண்டைக்குள் போவது ஆபத்து. தூரம் கணிக்க முடியாமல் அடி தவறி முகத்தில் விழலாம்.

இதே வித்தை உயிர்காக்கவும் பயன்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், சர்ரே மாவட்டத்தில் மீட்புப் பயிற்சி பெறுவோருக்காக எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியாளர் 'கேஷுவல்டீஸ் யூனியன்' அமைப்பைத் தொடங்கினார். அதன் தொண்டர்கள் காயத்தை வரைந்துகொள்வதோடு நிற்காமல், வலியையும் அதிர்ச்சியையும் நடித்துக் காட்டினார்கள். முதலுதவி பழகுவோர் நிஜ நோயாளியைத் தொடுவதுபோலவே பக்குவமாகத் தொடக் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவு தத்ரூபமாக நடிக்கும் இடத்தில் ஒருவருக்கு உண்மையிலேயே கால் பிசகினால் எப்படித் தெரியும்? பிரிட்டன் ஆட்டங்கள் பலவற்றில் இதற்கென்றே 'மேன் டவுன்' என்று கூவுவார்கள். அந்தச் சொல் கேட்டதும் சண்டை நிற்கும். அதை நடிப்புக்காக யாரும் சொல்லக் கூடாது.

இன்னொரு கவனமும் வேண்டும். முகத்தில் வடு இருந்தாலே வில்லன் என்ற சினிமா வழக்கத்தை எதிர்த்து, 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்ற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு 2018-இல் இயக்கம் நடத்தியது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டும் அதற்குத் துணை நின்றது. முகத்தில் உண்மையான வடுவோடு ஆட வருபவர்களும் ஆட்டத் திடலில் உண்டு. கொள்ளைக்காரனுக்கு வரையும் தழும்பை அரசிக்கும், சமையல்காரருக்கும், கவிஞருக்கும் வரைந்தால் உண்மையான வடு உள்ளவர்கள் கூச்சமின்றி நடமாடலாம்.