அடையாறு தோட்டத்தில் நடந்தே ஒரு பாடம்

கண்ணமங்கலம் பகுதிப் பள்ளிகள் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா புறப்பட்டால் வண்டலூர், கோளரங்கம், மெரினா என்று பட்டியல் முடிந்துவிடும். அடையாறு பிரம்மஞான சபை அதில் இடம்பெற்றாலும், ஆலமரத்தைப் பார்த்ததும் பேருந்துக்குத் திரும்பிவிடுகிறோம். இரண்டு மணி நேரம் ஒதுக்கி நடந்தால்தான் அந்த இடம் பிடிபடும்.

அடையாறு ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரை அது. கம்பெனி ஆட்சியில் ஆங்கில அதிகாரிகள் கோட்டை நெரிசலை விட்டு வெளியே தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டனர். அவற்றுள் ஒன்றான ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882இல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் சபைக்காக வாங்கினர். அப்போது சுமார் 27 ஏக்கர். இன்று 250 ஏக்கர் அளவுக்கு விரிந்துள்ளது. பழைய வீடு இன்றைய தலைமையகக் கட்டடத்துக்குள் அடங்கியிருக்கிறது. வீடு ஏன் ஆற்றைப் பார்த்து நிற்கிறது என்று மாணவர்களிடம் கேளுங்கள். காற்றையும் படகையும் அவர்களே சொல்வார்கள்.

ஆலமரத்தடியில் ஒரே கேள்வி போதும்: "தாய்மரம் எது?" பிள்ளைகள் தேடட்டும். சுமார் 450 வயது என்று மதிப்பிடப்படும் அம்மரத்தின் அடிமரம் 1989இல் புயலில் சாய்ந்துவிட்டது. நிற்பவை விழுதுகள். நூல் போல் தொங்கும் விழுது மண்ணைத் தொட்டதும் தானே நீரை உறிஞ்சி, பருத்து, கிளையைத் தாங்கும் தூணாகிறது. மரத்தைத் தொட அனுமதி கிடைக்காமல் போகலாம். ஆகவே, நம் ஊர் ஆலமரத்து விழுதுகளை முன்னதாகவே நூல் பிடித்து அளந்து பழக்குங்கள். தறி வீட்டுப் பிள்ளைகளிடம் நூலுக்கா பஞ்சம்! அங்கே கண்ணளவில் ஒப்பிடுவார்கள்.

நமக்கான செய்தி ஒன்றும் உண்டு. 1939இல் மரியா மாண்டிசோரி இங்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டிருந்ததால், இத்தாலியரான அவர் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகளுக்காக ஆல்காட் 1894இல் தொடங்கிய பள்ளியும் அருகிலேயே உள்ளது. மாண்டிசோரி முறையைப் பயிற்சிப் புத்தகத்தில் மட்டும் படித்த நமக்கு, அந்த மர நிழலில் நடப்பது வேறு அனுபவம்.

சென்னை செல்ல வசதியில்லையெனில் ஆரணி அருகே பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார்கள் கட்டிய மாளிகை இருக்கிறது. சிதிலமடைந்த கட்டடம் என்பதால் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். வரைபடம் வரைய அதுவே போதும்.

அடையாறு வளாகத்தில் பார்வையாளர் நேரம் வரையறுக்கப்பட்டது. குழுவாகச் செல்ல முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். குடிநீரும் தொப்பியும் கட்டாயம். இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்துக்கொண்டால் கேள்வி கேட்கவும் நேரம் கிடைக்கும்.