கெமிஸ்ட்ரி பிடிக்கும்னு கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கிறீங்களா? இந்த 3 பாடங்களைத் தெரிஞ்சுக்கோங்க!

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க். அப்போ கெமிக்கல் இன்ஜினியரிங் எடுத்துடலாமா? ஒரு நிமிஷம். உள்ளே போனதும் உங்களை அதிகம் வேலை வாங்கப்போவது கெமிஸ்ட்ரி அல்ல. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர் என்ற மூன்று பாடங்கள்தான்.

பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். மொட்டை மாடியில் துணி காய்வதிலேயே மூன்றும் இருக்கு. காற்று வீசுவது முதல் பாடம். வெயிலின் சூடு துணிக்குள் இறங்குவது இரண்டாவது. ஈரம் ஆவியாகி காற்றில் கலப்பது மூன்றாவது.

சரி, மழைக்காலத்தில் துணி ஏன் காயமாட்டேங்குது? காற்றிலும் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால், இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. வித்தியாசம் இருந்தால்தான் ஈரம் நகரும். சூடும் அப்படித்தான், பைப்பில் ஓடும் தண்ணீரும் அப்படித்தான். இது பிடிபட்டால் மூன்று பாடங்களின் ஃபார்முலாக்களும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். (தமிழ் இலக்கியம் படித்த எனக்கே புரிந்ததுன்னா பாருங்க!) சூட்டுக்கு ஃபூரியே 1822ல் தந்த விதியை மாதிரியாக வைத்துதான், 1855ல் பொருட்கள் பரவுவதற்கான விதியை ஃபிக் எழுதினார்.

தெரியாமல் போனால் என்ன ஆகும்?

லேபில் ஒரு சின்னக் குடுவையில் நடக்கும் வினையை ஆலைக்குக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்தை எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெரிதாக்கினால், உள்ளே பிடிக்கும் ரசாயனம் 1,000 மடங்கு. ஆனால் சூடு வெளியேற வேண்டிய மேற்பரப்பு 100 மடங்குதான். குடுவையில் தானாக ஆறிய சூடு, இங்கே உள்ளேயே தங்கிவிடும். அதைக் குளிரவைக்கும் ஏற்பாடு ஒரு நிமிஷம் கூட தவறக்கூடாது.

2007 டிசம்பர் 19. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணம், ஜாக்சன்வில். பெட்ரோலில் கலக்கும் ரசாயனம் ஒன்றைத் தயாரித்துவந்த டி2 லேபரட்டரீஸ் ஆலையில் ரியாக்டர் வெடித்தது. 4 பேர் பலி, 32 பேர் காயம். இறந்தவர்களில் ஆலை உரிமையாளர்களில் ஒருவரும் உண்டு. குளிர்விக்கும் அமைப்பு பழுதாகியிருக்க வேண்டும், அதற்கு மாற்று ஏற்பாடும் இல்லை என்றது அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம். கட்டுக்கடங்காத வினைகளின் ஆபத்தை கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டப்படிப்பிலேயே சொல்லித்தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

சேரலாமா, வேண்டாமா? கெமிஸ்ட்ரி மார்க்கை மட்டும் பார்க்காதீங்க. கணக்கும் ஃபிசிக்ஸும் உங்களுக்கு ஒத்துவருமான்னு பாருங்க. முக்கியமா, கால்குலஸ். அது ஓகேன்னா, சாய்ஸ் லிஸ்டில் தைரியமாகப் போடலாம்.